நாலால் பெருக்கியவர்

அமல்ராஜுக்கு நாற்பத்தெட்டு வயது. கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். ஆனால் இணையத்தில் அவருக்கு வயது முப்பத்திரண்டு, பெயர் ரியா. கிஷோர் என்று ஒரு கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். கிஷோருக்கு வத்தக்குழம்பு என்றால் உயிர். சின்னவள் கீரையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். இதில் ஒரு வார்த்தைகூட நிஜமில்லை என்று அமல்ராஜுக்கும் தெரியும், அவருக்குச் சம்பளம் கொடுத்த ஜாபஸுக்கும் தெரியும். படித்தவர்களுக்குத்தான் தெரியாது.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த வேலையில் யாரும் புதிதாக எதையும் எழுதுவதில்லை. போன முகூர்த்தத்துப் பத்திரிகையைத் திறக்க வேண்டியது, மாப்பிள்ளை, பெண், மண்டபம், தேதி என்று மாற்ற வேண்டியதை மாற்ற வேண்டியது, மற்றதைத் தொடாமல் விட வேண்டியது. இந்து வீட்டுக் கல்யாணம் என்றால் மேலே பிள்ளையார், சர்ச் கல்யாணம் என்றால் ஒரு வேத வசனம். அப்படி எத்தனையோ ஆயிரம் கல்யாணம் அவர் கைவழியாகப் போயிற்று. அவருடையது மட்டும் நடக்கவில்லை. முதலில் தங்கச்சிக்கு முடியட்டும் என்றார்கள். பிறகு அம்மாவுக்கு முடியாமல் போயிற்று. அம்மாவும் போன பிறகு பார்த்தால் இவருக்கே வயதாகியிருந்தது. இதைச் சொல்லும்போது அமல்ராஜ் சிரிப்பார், கேட்கிறவர்களும் சிரிக்க வேண்டும் என்று முகத்தைப் பார்ப்பார். யாரும் சிரித்ததில்லை.

எல்லோரும் பத்திரிகையைப் போனிலேயே அனுப்பத் தொடங்கியதும் கடையை மூடிவிட்டார்கள். கடைசியாக அச்சடித்த பத்திரிகைகளில் ஒன்று ஜாபஸுடையது. அந்தப் பழக்கத்தில்தான் ஜாபஸ் இவரைக் கூப்பிட்டான்.

ஜாபஸுக்கு சென்னீர்குப்பத்தில் ஹைவேயைப் பார்த்த மாதிரி, ஒரு டயர் கடைக்கு மேலே அறை இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஐந்து வெப்சைட் நடத்தினான். குழந்தைக்குப் பெயர் ஒன்று, கனவுக்குப் பலன் ஒன்று, கை வைத்தியம் ஒன்று, வேலைவாய்ப்பு ஒன்று, சமையல் ஒன்று. எதையும் அவன் எழுதியதில்லை. எல்லாம் எவரெவரோ எங்கெங்கோ எழுதியவை. எடுத்துக்கொண்டு வந்து போட்டு, நடுநடுவே நகைக்கடன் விளம்பரம், மனை விளம்பரம், மூட்டுவலித் தைல விளம்பரம் ஓட விடுவான். ஆள் வந்து பார்த்தால் அவனுக்கு வருமானம். எழுதியவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

"திருட்டுன்னு நெனைக்காதண்ணா," என்றான் முதல் நாள். "அப்படியே போட்டாத்தான் மாட்டிக்குவோம். நீ பத்திரிகைல பேரு மாத்துனல்ல? அதே வேலதான். சமையல்னா அளவ மாத்திடு. ஒரு ஆளுக்குன்னு போட்டுகீதா, நாலு ஆளுக்கு ஆக்கிடு. குடும்பமா கீறவங்கதான் எண்ண, மசாலான்னு வாங்குவாங்கோ, அவங்களுக்குத்தான் வெளம்பரம் வரும். அளவு மாறிட்ச்சின்னா அப்பால அது நம்ப சரக்கு."

அமல்ராஜுக்கு இது தப்பு என்று தோன்றாமல் இல்லை. ஆனால் பத்தொன்பது வருடம் செய்த வேலையே இதுதானே என்றும் தோன்றிற்று. இரண்டாவது நினைப்பு சம்பளத்தோடு வந்தது, அதனால் அதையே வைத்துக்கொண்டார்.

எடுப்பதற்கு ஒரு நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் பஞ்சவர்ணத்தின் பக்கம் அகப்பட்டது. தேடினால் முதலில் வருகிற பக்கம் இல்லை அது. எட்டு தடவை 'அடுத்து' என்று அமுக்கிய பிறகு அடியில் கிடந்தது. வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து. விளம்பரம் கிடையாது, ஒரு படம்கூடக் கிடையாது. மேலே 'ஒரு ஆள் சமையல்' என்று மட்டும் போட்டிருந்தது. அந்த அம்மாள் முதன்முதலில் எழுதியிருந்தது இது:

"நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் முப்பத்தோரு வருடம் ஆக்கிப் போட்டவள். ஒரு வேளைக்கு எண்ணூறு பேர். எண்ணூறு பேருக்குப் புளி எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது பட்டாபிராமில் தனியாக இருக்கிறேன். ஒருத்திக்குப் புளி எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. சட்டியில் ஊற்றினால் நாலு நாளைக்கு வருகிறது. தெரிந்துகொண்டு எழுதுகிறேன். அண்ணன் மகள் விஜி இந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்திருக்கிறாள்."

அதற்குப் பிறகு ஞாயிறு தவிர எல்லா நாளும் எழுதியிருந்தார். ஒரே ஒரு கத்தரிக்காயில் குழம்பு. இரண்டு முருங்கைக்காய்த் துண்டும் ஒரு கைப்பிடிப் பருப்பும். அரை வாழைக்காயை வறுத்துவிட்டு மீதிப் பாதி மறுநாள் வரை கறுக்காமல் இருக்க மோரில் போட்டு வைப்பது. ஒரு தம்ளர் ரசத்துக்குப் புளி, புளியங்கொட்டை அளவு. முட்டையை ஊற்றிய பிறகு அடுப்பை அணைத்துவிட வேண்டும், சின்னச் சட்டியின் சூடே போதும். எல்லாம் அளந்து எழுதியது. சிரிப்பு, கதை, "என் செல்லங்களே" எதுவும் இல்லை.

அமல்ராஜ் தினமும் காலை பத்து மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறப்பார். அந்த அம்மாள் ஒன்பதரைக்குள் போட்டிருப்பார். இவர் எடுப்பார், நாலால் பெருக்குவார், கிஷோரைப் பற்றி இரண்டு வரி சேர்ப்பார், 'ரியாவின் அடுக்களை' என்ற ஜாபஸின் பக்கத்தில் ஏற்றுவார். யோசனையே இல்லாமல் பெருக்குவார். ஒரு கத்தரிக்காய் நாலு கத்தரிக்காய் ஆகும், ஒரு சிட்டிகை நாலு சிட்டிகை ஆகும். சில நாள் வேகத்தில் பத்து நிமிடம்கூட நாற்பது நிமிடம் ஆகிவிடும். ஒருமுறை "பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருங்கள்" என்று அந்த அம்மாள் முடித்திருந்ததை நாலு தம்ளர் ஆக்கிவிட்டார். நாற்பது நிமிடம் வெந்தால் கீரை எங்கே இருக்கும் என்று ஒரு குடும்பஸ்தர் கோபமாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

அப்போதெல்லாம் அமல்ராஜ் மெஸ்ஸில் பார்சல் வாங்கித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா இருந்தவரை அவளுக்காக அடுப்பைப் பற்ற வைத்தார். அவள் போன பிறகு தனக்காகப் பற்ற வைப்பது என்னவோ வெட்கமாக இருந்தது. ஒரு நாள் நல்ல மழை. மெஸ் திறக்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரு கத்தரிக்காய், அதுவும் வீட்டுக்காரம்மா செடியில் காய்த்தது என்று கொடுத்தது. பெருக்குவதற்கு முந்தைய அளவைத் திரையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னபடியே செய்தார். குழம்பு ஒரு தட்டுச் சோற்றுக்குச் சரியாக இருந்தது. ஒரு கரண்டி கூடுதலும் இல்லை, ஒரு கரண்டி குறைவும் இல்லை. நெடுநாள் கழித்துச் சூடாகச் சாப்பிட்டதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார், ஆனால் அந்தக் குழம்பில் அவ்வளவு காரம் கிடையாது.

அதிலிருந்து இரண்டு வருடம், அந்த அம்மாள் எழுதியதைத்தான் அமல்ராஜ் சாப்பிட்டார். காலையில் திருடுவார், மத்தியானம் சமைப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சனிக்கிழமைக் குழம்பையே திரும்பவும் வைப்பார். அந்த அம்மாளுக்கு இவரைத் தெரியாது. இவருக்கோ அவர் வீட்டில் என்றைக்கு மோர் புளித்தது, என்றைக்குப் பல்வலி வந்து கஞ்சி குடித்தார் என்பது வரை தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேசாமலே சேர்ந்து சாப்பிடுவோமே, அப்படி ஒரு துணை.

இதற்கிடையில் ரியாவின் அடுக்களையில் கூட்டம் சேர்ந்துகொண்டே போயிற்று. என்ன கண்கட்டு வித்தையோ, சமையல் தேடினால் ஜாபஸின் பக்கம்தான் முதலில் நின்றது, பஞ்சவர்ணம் இன்னும் அடியில் போனார். கருத்துகளைப் படித்துப் பார்த்து வெளியே விடுகிற வேலையும் அமல்ராஜுடையதுதான். வந்ததில் பாதி உப்பு அதிகம், புளி அதிகம் என்ற குடும்பஸ்தர்களின் திட்டு. மீதிப் பாதிதான் இவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

பூந்தமல்லியிலிருந்து சகாயமேரி என்பவர் எழுதியிருந்தார்: "ரியா, நான் தனி ஆள். நீங்கள் சொல்கிற அளவை நாலாக வகுத்துச் செய்கிறேன். அத்தனை அழகாக வருகிறது. எப்படி என்று தெரியவில்லை." அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிடங்குக்குக் காவல் இருக்கும் துலுக்கானம் எழுதியிருந்தார்: "நாலாக வகுத்து ரூமில் வைத்துச் சாப்பிடுகிறேன் மேடம். ஓட்டலை விட்டுவிட்டேன். வயிற்று எரிச்சல் நின்றுவிட்டது." இன்னும் எத்தனையோ பேர். நர்ஸ் வேலை பார்க்கிற பெண், மனைவியை இழந்த வாத்தியார், மகன் துபாயில் இருக்கிற அம்மா. ஒருவரையொருவர் தெரியாமல் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். அமல்ராஜ் நாலால் பெருக்கினார், அவர்கள் நாலால் வகுத்தார்கள். வகுத்தவர்களுக்கு பஞ்சவர்ணம் எழுதியது அப்படியே திரும்பக் கிடைத்தது.

இத்தனை பேர் இப்படி இருக்கிறார்களா என்று அமல்ராஜுக்குத் திகைப்பாக இருந்தது. இந்த நன்றியெல்லாம் யாருக்குப் போக வேண்டியது என்று நினைத்தால் உறுத்தும். உறுத்தினாலும் வெளியே விடுவார், அடுத்ததைப் படிப்பார்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் திறந்தால், சமையல் இல்லை. நாலே வரி இருந்தது.

"மூன்று வருடமாக எழுதுகிறேன். நன்றாக இருக்கிறது, இல்லை என்று இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமைத்ததைச் சாப்பிட ஆள் இல்லாவிட்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். வருகிற சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன்."

அமல்ராஜுக்கு அன்று மத்தியானம் சாப்பிடத் தோன்றவில்லை. ஜாபஸுக்கு வேறு பக்கம் கிடைக்கும், நாட்டில் எழுதுகிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் தான் யாரோடு சாப்பிடுவது? அதைவிட, அந்த அம்மாள் பொய் ஒன்றை நம்பிக்கொண்டு நிறுத்தப் போகிறாரே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒருவரும் சொல்லவில்லையாம். சொன்னவர்கள் எல்லாம் இவர் கையில் அல்லவா இருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு மணி நேரம் யோசித்தார். தைரியம் வரவில்லை. அப்புறம் அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றைச் செய்தார். ரியாவுக்கு வந்த கருத்துகளில் நல்லதாக இருபத்துமூன்று பொறுக்கினார். 'ரியா' என்று இருந்த இடமெல்லாம் 'பஞ்சவர்ணம் அம்மா' என்று மாற்றினார். கிஷோரை விசாரித்திருந்த வரிகளை வெட்டினார். அவரவர் பெயரிலேயே அந்த அம்மாளின் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். பத்திரிகைக் கடையில் பார்ப்பது போலப் பெயரையும் ஊரையும்தான் பார்த்தார்.

மறுநாள் காலையில் திறந்தபோது பஞ்சவர்ணம் இருபத்துமூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருந்தார். அளந்து எழுதுகிற அந்த அம்மாளா இது என்று இருந்தது. "சகாயமேரி, பூந்தமல்லியில் எந்தப் பக்கம்? எங்கள் கேன்டீனுக்கு அங்கிருந்துதான் கறிவேப்பிலை வரும்." "துலுக்கானம் தம்பி, வயிற்று எரிச்சலுக்கு மணத்தக்காளி போடுங்கள், நாளைக்கே எழுதுகிறேன்." "வாத்தியார் ஐயா, அழுதுகொண்டே சமைக்காதீர்கள், சமைத்துவிட்டு அழுங்கள்." அன்றைக்கு அமல்ராஜ் வாய்விட்டுச் சிரித்தார். கீழ்வீட்டுக்காரம்மா மேலே எட்டிப் பார்த்தாள். மத்தியானம் மணத்தக்காளி தேடி மார்க்கெட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை ஒரு கேள்வி இருந்தது. "சகாயமேரி, ஒன்று புரியவில்லை. நாலாக வகுத்துச் செய்கிறேன் என்கிறீர்கள். நான் எழுதுவதே ஒரு ஆளுக்குத்தானே? அதை நாலாக வகுத்தால் கத்தரிக்காயில் கால்தானே மிஞ்சும்? துலுக்கானம் தம்பியும் அப்படித்தான் சொல்கிறார். இன்னும் ஒன்பது பேர் சொல்கிறார்கள். எல்லோரும் ஏன் வகுக்கிறீர்கள்?"

அமல்ராஜ் தான் ஒட்டிய இருபத்துமூன்றையும் மறுபடி படித்தார். இரண்டு வருடம் நாலோடு வாழ்ந்ததில் அந்த நாலு அவர் கண்ணில் படவே இல்லை. சகாயமேரி பெயரில் ஏதாவது பதில் எழுதிச் சமாளிக்கலாம் என்று விரலை வைத்தார். கூச்சம் அப்போதுதான் வந்தது. எழுதாமல் எழுந்துவிட்டார். முப்பத்தோரு வருடம் அளந்தவருக்கு மீதியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெள்ளிக்கிழமை ரியாவின் அடுக்களையில், வெளியே விடுவதற்காகக் காத்திருந்த கருத்துகளில் முதலாவதாக அது இருந்தது.

"ரியா என்ற பெயரில் எழுதுகிறவருக்கு. என் பெயர் பஞ்சவர்ணம். என் குழம்பைத் தேடிப் பார்த்தேன், உங்கள் பக்கம்தான் முதலில் வந்தது. என்னுடையதை எடுத்து நாலால் பெருக்கியிருக்கிறீர்கள். எண்ணூறு பேருக்கு ஆக்கியவள் சொல்கிறேன், உப்பும் புளியும் ஆள் கணக்குக்கு ஏறாது. பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள் சாப்பிட்டிருப்பார்கள். என் பக்கத்தில் வந்து ஒட்டியதும் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. அதைக் கேட்க எழுதவில்லை.

என் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு ஒரு கணக்குக் காட்டும். இரண்டு வருடமாக ஒன்று என்று காட்டியது. தினமும் காலை பத்து மணிக்கு ஒருவர். முதலில் விஜி என்று நினைத்தேன். கேட்டேன், நான் பார்த்தே மாதக்கணக்காயிற்று அத்தை என்றாள். அப்போது, யாரோ தனியாக இருக்கிறார், பேசக் கூச்சப்படுகிறவர் போலிருக்கிறது, மத்தியானத்துக்கு என்ன வைப்பது என்று பார்க்க வருகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த ஒருவருக்காகத்தான் எழுதினேன். மழை பெய்தால் மிளகு ரசம் எழுதியது அவருக்குச் சளி பிடித்திருக்குமோ என்று. எனக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் பத்து மணிக்கு முன்னால் எழுதியது அவர் வந்து ஏமாந்து போகக்கூடாது என்று. ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று காத்திருந்து பார்த்துத்தான் நிறுத்துகிறேன் என்று எழுதினேன்.

அது நீங்கள்தான். எடுத்துப்போக வந்திருக்கிறீர்கள். அப்படியானால் நான் ஆக்கியதைச் சாப்பிட ஒருவரும் வரவே இல்லை."

அமல்ராஜ் அதை எத்தனை தரம் படித்தார் என்று சொல்ல முடியாது. சத்தம் போட்டு "சாப்பிட்டேன்மா" என்றார். அறையில் யாரும் இல்லை. உடனே அந்த அம்மாளின் பக்கத்தைத் திறந்து எழுதப் பார்த்தார். பக்கம் இல்லை. சனிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்கவில்லை, அழித்துவிட்டிருந்தார். இரண்டு வருடத்துக் குழம்பும் ரசமும் நாலால் பெருக்கிய வடிவில் ரியாவிடம் மட்டும்தான் மிஞ்சியிருந்தன.

திருடன் என்று சொல்லியிருந்தால் அமல்ராஜ் தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் சாப்பிட ஒருவரும் வரவில்லை என்பது பொய், அதை அந்த அம்மாள் நம்பக்கூடாது. இவருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை, அது ஒன்று போய்ச் சேர வேண்டும். ரியாவின் பக்கத்தை அந்த அம்மாள் எப்போதாவது திறந்து பார்ப்பார் என்ற நம்பிக்கையில், வந்த கடிதத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் எல்லாவற்றுக்கும் மேலே போட்டார். அதன் கீழே எழுதினார்:

"அம்மா, நான் அமல்ராஜ். ரியா இல்லை. எடுத்தது நான்தான். ஆனால் சாப்பிட்டேன். இரண்டு வருடமும் சாப்பிட்டேன். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு நீங்கள் சொன்ன உப்பு கொஞ்சம் தூக்கல். மிளகு ரசம் எழுதிய அன்று எனக்குச் சளிதான். நான் தனி ஆள்தான் அம்மா."

எட்டாயிரமோ பத்தாயிரமோ பத்திரிகை அடித்தவர், பார்த்து எழுதாமல் தானாக எழுதியது அநேகமாக இதுதான். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, ஜாபஸ் கூப்பிட்டான்.

"அண்ணாத்தே, இன்னா பண்ணிகினு கீற? யார்னா உள்ள பூந்துட்டானோன்னு பாத்தா நீ! நம்ப பக்கத்துலயே நம்மள திருடன்னு போடுவியா?"

"அந்தம்மா படிக்கணும் ஜாபஸ். ஒரு நாள் இருக்கட்டும். அப்புறம் எடுத்துடு."

"ஒரு நாளா? ஒரு அவர் இருந்தாலே வெளம்பரக்காரன் வெரட்டிடுவான். எடுத்தாச்சு. பாஸ்வேர்டும் மாத்தியாச்சு. உனுக்கு இன்னாண்ணா ஆச்சு? யாரு அந்தம்மா, உனுக்கு சொந்தமா?"

"கூடச் சாப்பிடறவங்க," என்றார் அமல்ராஜ்.

ஜாபஸுக்கு இது விளங்கவில்லை. கெட்டவன் இல்லை அவன். "ஒடம்ப பாத்துக்கண்ணா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அமல்ராஜ் அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் இருந்திருந்தால் கை தானாக அந்தப் பக்கத்தைத் திறக்கப் போகும், அதற்குப் பயந்தே கிளம்பிவிட்டார். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஆவடி தாண்டியதும் எந்தக் கட்டடம் அந்தத் தொழிற்சாலையோ என்று பார்த்துக்கொண்டே வந்தார். என்ன பேசுவது என்றும் ஒத்திகை பார்த்தார். மன்னிப்புக் கேட்பதுதான் முறை. ஆனால் ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் துவையலைப் பற்றித்தான் வாய் பேசியது.

பட்டாபிராமில் இறங்கிய பிறகுதான் ஊர் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் புதுப் புது அடுக்குமாடிகள், இன்னும் பெயின்ட் அடிக்காதவை, துணி காயப் போட்டவை. முகவரி கிடையாது, முகமும் தெரியாது. ஸ்டேஷன் வழியில் ஒரு தள்ளுவண்டியில் காய் வாங்குவதாக அந்த அம்மாள் ஓரிரு முறை எழுதியிருந்தார், அவ்வளவுதான் பிடி. வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி கொத்தவரங்காயை அள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பூக்காரி அவளை நாகவல்லி என்று கூப்பிட்டாள்.

"பஞ்சவர்ணம்னு ஒரு அம்மா இங்க வருவாங்களாமே," என்றார் அமல்ராஜ். "கேன்டீன்ல வேலை பார்த்தவங்க."

"பேரெல்லாம் எனுக்கு இன்னா தெரியும்? ஆளு எப்டி கீறும்?"

"ஆளைப் பார்த்ததில்லை. தனியா இருக்காங்க. ஒரு கத்தரிக்காய், அரை வாழைக்காய்னு வாங்குவாங்க."

நாகவல்லி கொத்தவரங்காயை விட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணு ரெண்டு பொறுக்கினு போறவங்க காலைல மட்டுமே பதினஞ்சு பேரு வருவாங்கோ. அல்லாம் வயசானதுங்கதான், அல்லாம் தனிதான். நீ எந்த அம்மாவ கேக்குற?"

அமல்ராஜுக்கு அடையாளம் சொல்ல வேறு எதுவும் இல்லை. ஒரு தம்ளர் ரசத்துக்குப் புளியங்கொட்டை அளவு புளி போடுகிறவர் என்று சொல்லலாம். அது இவளுக்கு எப்படித் தெரியும்? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"சொம்மா நிக்காத, யாவாரம் கெடுது. உனுக்கு இன்னா வோணும்?"

அவர் ஒரு கேரட்டும் ஆறு கொத்தவரங்காயும் எடுத்துக் கொடுத்தார். நாகவல்லி தராசை எடுக்கவே இல்லை. கையிலேயே வைத்துப் பார்த்து ஒரு விலை சொன்னாள்.

"நீயும் அந்தக் கேஸுதானா," என்றாள், கொஞ்சம் இரக்கத்தோடுதான். "செரி, அந்தம்மா வந்தா இன்னான்னு சொல்லணும்?"

"சாப்பிட்டாருன்னு சொல்லுங்க."

"யாரு?"

"பத்து மணிக்கு வர்றவர். அவரு சாப்பிட்டாரு, தினமும் சாப்பிட்டாருன்னு சொன்னா போதும்."

நாகவல்லி பூக்காரியைப் பார்த்துக் கண்ணடித்தாள். "எந்த அம்மான்னே தெரில. வர்ற பதினஞ்சு பேர்கிட்டயும் சொல்லிடட்டா?"

கிண்டலுக்குத்தான் கேட்டாள். அமல்ராஜ் காயைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆமாங்க, எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க," என்றார். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, ஒரே ஒரு கத்தரிக்காயை எடுத்து வண்டியின் ஓரத்தில் வைத்தது. அமல்ராஜ் திரும்பிப் பார்த்தார். கைலி கட்டிய ஒரு பெரியவர்.